சவர்க்காரம் வருமுன்

ஈழத்துத் தமிழர் சவர்க்காரம் என்று வழங்கும் பொருளைத் தமிழகத்தார் சோப்பு என்பர். சிங்கள மக்கள் சபன் என்பர். சோப்பு ஆங்கிலச் சொல். சபன் போர்த்துக்கேய மொழிச் சொல்லோடு உறவுடையது. சவர்க்காரம் ஒன்றே கப்பலேறி வந்த சொல்லன்று. சவர் என்பது உவர்ப்பு. கிணற்று நீர் சவர்த்துவிட்டது என்று கிராமத்தார் கூறுவது அதனையே. காரம் என்பது சாம்பலிலிருந்தும் உவர் நிலத்திலிருந்தும் பெறப்படும் அழுக்கறுக்கும் பொருள். உவரும் காரமும் சேர்ந்தொலிக்கும் இப்பெயரைக் கடையிலே காகிதம் சுற்றி விற்கப்படும் வாசனைக் கட்டிக்குச் சூட்டியவர்கள், கட்டி வருமுன் தாம் எவற்றைக் கொண்டு ஆடை வெளுத்தனர் என்பதையும் தம்மையறியாமலே அப்பெயரிற் பதிந்து வைத்தனர் எனலாம்.

அக்காலத்தில் ஆடை எவ்வாறு வெளுக்கப்பட்டது என்பதைப் பற்றித் தனி நூல் எழுதியவர் இலர். அன்றாடம் செய்யும் தொழிலை எவரும் எழுதிவைப்பதில்லை. வேறெதனையோ சொல்லப் புகுந்தவர்கள் உவமையாகவும் விதியாகவும் இடையிடையே விட்டுச்சென்ற குறிப்புக்களே நமக்குக் கிடைத்துள்ளன. ஆயினும், அவை வியக்கத்தக்க அளவு தெளிவானவை.

பாளி நூலாகிய சங்யுத்த நிகாயத்தில் கேமகர் என்னும் பிக்கு கூறுவதாக ஓர் உவமை வருகின்றது. அழுக்கேறிய ஆடையை அதன் உடையவர் வண்ணானிடம் கொடுக்கின்றார். அவன் அதனை உவர்மண்ணிலோ, சாம்பற் காரத்திலோ, சாணத்திலோ இட்டு நன்கு பிசைந்து தெளிந்த நீரில் அலசுகின்றான். ஆடை வெண்மையாகின்றது. ஆனால் உவரின் நாற்றமோ, காரத்தின் நாற்றமோ, சாணத்தின் நாற்றமோ இன்னுஞ் சிறிது எஞ்சி நிற்கின்றது. உடையவர் அதனை வாசனையூட்டப்பட்ட பேழையில் வைக்க, அந்நாற்றமும் நீங்குகின்றது. பற்றுக்கள் அகன்ற பின்னரும் நான் என்னும் உணர்வு எஞ்சி நிற்பதை விளக்க எழுந்த உவமை இது. தத்துவம் ஒருபுறமிருக்க, தொழில் வரலாற்றை ஆராய்வோருக்கு இஃதொரு புதையல். வெளுக்கும் பொருள்கள் மூன்றும், அவற்றின் குறைபாடும், அக்குறையைப் போக்கும் முறையும் ஒருங்கே இங்குக் கூறப்பட்டுவிட்டன. பாளித் திருமுறை கி.மு. முதலாம் நூற்றாண்டில் மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது இலங்கை மரபு. அவ்வேடுகளை எழுதிய பிக்குமாரின் சீவர ஆடைகளிலும் அந்நாற்றம் சிறிதேனும் இருந்திருத்தல் கூடும்.

சங்கப் பாடல்களில் இத்தொழிலைச் செய்பவள் பெண். அவளைப் புலைத்தி என்று புலவர்கள் குறிப்பிடுகின்றனர். ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலொன்றில், அவள் களர் நிலத்தில் கிணறு தோண்டி, நாள்தோறும் ஆடை வெளுக்கின்றாள். குடிப்பதற்கு உதவாத களர்க் கிணற்றை வெளுப்பதற்கெனத் தேர்ந்தெடுத்தது தற்செயலன்று. களர் மண்ணின் காரம் அந்நீரிலே கரைந்திருக்கும் என்பதை அவள் அறிந்திருந்தாள். குறுந்தொகைப் பாடலொன்று, அவள் ஆடையைக் கஞ்சிப் பசையில் தோய்த்தெடுத்து, ஒரு முறை அடித்து, குளிர்ந்த குளத்தில் இட்டபோது முறுக்கு அவிழாது கிடந்த துணியைப் பகன்றைப் பூவுக்கு ஒப்பிடுகின்றது. நற்றிணையில் வருங் காட்சி இன்னும் நெருக்கமானது. ஊரில் விழா, ஆடை கொடுத்தோர் பலர், ஆகவே அவளுடைய கைக்கு ஓய்வில்லை, இரவிலும் தோய்க்கின்றாள். மறுநாள் ஊஞ்சலாட வந்த பெண் உடுத்திருப்பது அந்தக் கஞ்சி தோய்ந்த ஆடையையே. விழாவைப் பாட வந்த புலவர், விழாவுக்கு முந்திய இரவில் எவர் உறங்கவில்லை என்பதையும் சொல்லத் தவறவில்லை.

வடமொழி நூல்களிலோ விதிகள் உள. மனுவின் நூல் ஐந்தாம் அத்தியாயத்தில் எந்தத் துணிக்கு எந்தப் பொருள் உகந்தது என வகுக்கின்றது: பட்டுக்கும் கம்பளிக்கும் உவர்மண், மலைநாட்டுக் கம்பளத்துக்குப் பூவந்திக் கொட்டை, நுண்ணிய மெல்லாடைக்கு வில்வங்காய், சணல் இனத்து நாராடைக்கு வெண்கடுகு. சடங்குத் தூய்மையைக் கருதியே அந்நூல் இதனைக் கூறினும், எல்லாத் துணிக்கும் ஒரே பொருள் ஆகாது என்னும் அறிவு அதிற் பொதிந்துள்ளது. பட்டுக்கு உவர்மண் என்பது மட்டும் இக்காலத்தவரால் ஏற்கத்தக்கதன்று. பட்டும் கம்பளியும் காரத்தால் நலிவன. மென்மையான பூவந்தியே அவற்றுக்கு ஏற்றது. பட்டுச் சேலையைப் பூவந்தி நீரில் அலசும் இல்லத்தரசியர் மனுவைத் திருத்தியவர்களே ஆவர்.

கௌடிலியரின் அர்த்தசாத்திரம் வண்ணாரை அரசின் கண்கொண்டு நோக்குகின்றது. மரப்பலகையிலோ வழவழப்பான கல்லிலோ மட்டுமே துவைத்தல் வேண்டும். வேறிடத்தில் துவைத்து ஆடைக்குக் கேடு விளைத்தால் நட்டத்தோடு 6 பணம் தண்டமும் கட்டவேண்டும். வண்ணார் தாம் உடுக்கும் ஆடையில் தடியின் அடையாளம் பொறித்திருத்தல் வேண்டும். அஃதில்லாத ஆடையை உடுத்தால் 3 பணம். பிறர் ஆடையை விற்றாலோ, வாடகைக்கு விட்டாலோ, அடகு வைத்தாலோ 12 பணம். இத்துணைத் தண்டங்கள் விதிக்கப்பட்டன என்றால், இத்துணைக் குற்றங்களும் நிகழ்ந்தன என்பதே பொருள். பாடலிபுத்திரத்துக் கனவான் ஒருவர் தம் மேலாடையைத் தெருவிலே வேறொருவர் தோளிற் கண்டு திகைத்திருக்கக் கூடும்.

இலங்கையைப் பொறுத்தவரை, தொழில்முறையைக் கண்ணாற் கண்டு எழுதியவருள் முதன்மையாகக் கருதத்தக்கவர் இறொபேட்டு நொக்சு என்னும் ஆங்கிலேயர். 1660ஆம் ஆண்டில் திருகோணமலைக்கு அணித்தான கொட்டியாரக் குடாவிலே பிடிபட்டு, கண்டி அரசில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து, 1679இல் தப்பியோடியவர் அவர். 1681இல் வெளிவந்த அவருடைய நூலில் வெளுக்குந் தொழில் செய்வோரைப் பற்றிய பகுதி ஒன்றுண்டு. அவர்கள் காரநீரைப் பயன்படுத்துவர் என்றும், ஏழெட்டுக் கலன் நீர் கொள்ளும் பானையை அடுப்பிலேற்றி, அழுக்குத் துணிகளை அதன் மேற்புறத்தே அடுக்கி, ஆவி துணிக்குள் ஏறுமாறு செய்வர் என்றும் அவர் விவரிக்கின்றார். பின்னர் ஆற்றங்கரைக்குக் கொண்டுசென்று, கையாற் கசக்காமற் பாறையில் அடிப்பர்; துணி நன்றாக வெளுக்கும்; அவர்கள் அடிக்கும் முறையில் அது கிழிவதுமில்லை. நொக்சு கண்டது தமிழர் வெள்ளாவி என்று வழங்கும் அதே முறையாகும்.

வெள்ளாவி வைத்தல் ஒரு நாளைய வேலையன்று. கோடையிலே தரவை நிலத்தில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் உவரைச் சுரண்டி எடுத்து வைத்துக்கொள்வர். அதனை நீரிற் கரைத்து வண்டலை நீக்கி, துணிகளை அந்நீரில் நனைத்துப் பிழிவர். பின்பு பெரிய தாழியின் வாயைச் சுற்றிச் சுருள் சுருளாக அடுக்கி, கீழே இரவு முழுவதும் தீ எரிப்பர். தாழியில் நீர் வற்றிவிடாமலும், தீ மிகுந்து அடித்துணி கருகாமலும் ஒருவர் விழித்திருந்து காத்தல் வேண்டும். விடிந்ததும் குளத்தங்கரை, அடித்தல், அலசல், புல்லிலே விரித்தல், நீர் தெளித்து மீண்டும் காயவைத்தல். கஞ்சியும் நீலமும் அதற்குப் பின்னர்.

இதன் இரசாயனம் நெடுங்காலம் எவருக்குந் தெரியாதிருந்தது. உவர்மண்ணில் உள்ளது பெரும்பாலும் சோடியங் காபனேற்று. மரச் சாம்பலில், சிறப்பாக வாழையின் சாம்பலில், மிகுதியாயுள்ளது பொற்றாசியங் காபனேற்று. உடலிலிருந்து ஆடையிற் படியும் அழுக்கு எண்ணெய்ப் பசையோடு கூடியது. சூடான காரம் அப்பசையின் கொழுப்பமிலங்களோடு சேரும்போது உண்டாவது சவர்க்காரமேயாகும். ஆகவே வெள்ளாவித் தாழியின் மேல், அழுக்கின் எண்ணெயையே மூலப்பொருளாகக் கொண்டு, சவர்க்காரம் சிறிது சிறிதாக உற்பத்தியாகிக் கொண்டிருந்தது. கொதியாவி பேனையும் அதன் ஈரையும் அழித்தது; நோய்க்கிருமிகள் பலவற்றையும் கொன்றது. வெயிலும் ஈரமும் ஒருங்கே சேர்ந்து கறையை வெளிறச் செய்தன. ஒல்லாந்து நாட்டு ஆர்லெம் நகரைச் சூழ்ந்த வெளிகளிலும் சணலாடைகளைக் காரநீரில் ஊறவைத்துப் புல்லில் விரித்து, மோரில் தோய்த்து மீண்டும் விரித்து, மாதக்கணக்காக வெளுத்தனர். அந்த மாதங்களை நாட்களாகக் குறைத்தது குளோரீன். 1774இல் சீலே என்பார் அதனைக் கண்டறிந்தார். 1799இல் தெனந்து என்பார் வெளிற்றும் தூளுக்கு உரிமம் பெற்றார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டைக் கருதுமிடத்து இங்கு இன்னொரு செய்தியையும் கூறுதல் வேண்டும். குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். அதன் கிணற்று நீர் வன்னீர், கல்சியம் மிகுந்தது. வன்னீரிற் சவர்க்காரத்தைத் தேய்த்தால், அதன் ஒரு பகுதி நுரையாகுமுன்னரே கல்சியத்தோடு கூடி, வெள்ளை அழுக்காக மிதந்து வீணாகும். உவர்மண்ணின் காரமோ கல்சியத்தைப் படியச் செய்து நீரை மென்னீராக்கும். பூவந்தி, சீயாக்காய் முதலியவற்றின் நுரை வன்னீரால் கெடுவதில்லை. ஆகவே பழைய முறைகள் அறியாமையால் விடாது பற்றிக்கொள்ளப்பட்டவை அல்ல. அந்நிலத்து நீருக்கு அவை பொருந்தின. வெளிநாட்டுக் கட்டியை முதன்முதல் வாங்கியவர்கள், கொடுத்த காசுக்கு நுரை போதாதென்று முறையிட்டிருப்பின், அம்முறைப்பாட்டில் நியாயமிருந்தது.

பூவந்தி என்பதைப் பூந்திக்கொட்டை என்றும் வழங்குவர், சிங்களத்திற் பெனெல. ஐரோப்பியத் தாவரவியலார் அவ்வினத்துக்குச் சூட்டிய சப்பிந்தசு என்னும் பெயரும் இந்தியச் சவர்க்காரம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொற்களின் சேர்க்கையே. அதன் கனித்தோலிலுள்ள சப்போனின் என்னும் பொருள் நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்து நுரையை எழுப்புகின்றது. கொட்டையை உடைத்து விதையை நீக்கி, தோலை மட்டும் நீரில் ஊறவைத்தோ காய்ச்சியோ பிசைந்தால் நுரை பொங்கும். பொன் வேலை செய்வோர் நகைகளுக்கு மெருகேற்ற இதனையே நாடினர். சீயாக்காய், இலுப்பைப் பிண்ணாக்கு, செவ்வரத்தை இலை ஆகியன தலைமுழுக்குக்குரியவை. யாழ்ப்பாணத்து அரப்பு என்பது சீயாக்காயோடு வெந்தயம், பயறு, தேசிக்காய் முதலியன சேர்த்து அவித்து அரைத்த கூட்டு. தமிழகத்தின் மேற்குப் பகுதியில் அரப்பு என்றால் உசிலை மரத்தின் இலைத்தூள். பெயர் ஒன்று, பொருள் வேறு. ஆயினும் நுரையைத் தருவது இரண்டிலும் சப்போனினே. சீயாக்காயும் தேசிக்காயும் புளிப்புடையவை. அப்புளிப்பு மயிருக்கு இதமானது. காரமோ மயிரைச் சொரசொரப்பாக்கும். ஆடைக்குக் காரம், தலைக்குப் புளிப்பு என்னும் இப்பாகுபாட்டை வகுத்த பாட்டிமார் இரசாயன நூல் எதனையும் கற்றவரல்லர்.

பித்தளைக் குத்துவிளக்குக்குப் பழப்புளி, வெண்கலத்துக்குச் சாம்பல், பல்லுக்கு உமிக்கரி அல்லது வேப்பங்குச்சி, பெட்டகத்துத் துணிக்கு இடையே வெட்டிவேரும் காய்ந்த வேப்பிலையும், மாலையில் நுளம்பை ஓட்ட இலுப்பைப் பிண்ணாக்குப் புகை என வீட்டுக்குள் ஒரு சிறு மருந்துக்கடையே இருந்தது. இவற்றுட் பல இன்றும் பயனுடையவை. எல்லாம் பயனுடையவை என்று போற்றுதல் மட்டும் தகாது. மண்ணிலும் சாணத்திலும் ஏற்புவலிக் கிருமியின் வித்துக்கள் உண்டு. பிறந்த குழந்தையின் கொப்பூழிலும் வெட்டுக்காயத்திலும் அவற்றை இட்ட வழக்கம் பல உயிர்களைக் கொண்டுசென்றது. உமிக்கரி நாளடைவிற் பல்லின் மிளிரியைத் தேய்க்கும். பூவந்தி நீர் கண்ணிற் பட்டால் கடுமையாக எரியும். அதனைக் குளத்திற் கரைத்து மீனை மயக்கிப் பிடித்த வழக்கமும் உண்டு என்பதிலிருந்து அதன் வலிமையை உணரலாம். இயற்கையில் விளைந்தது என்னும் ஒரே காரணத்தால் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

இதுவரை கூறியவை பொருள்களைப் பற்றியவை. கைகளைப் பற்றியும் கூறாவிடின் வரலாறு அரைகுறையாகிவிடும்.

யாழ்ப்பாணத்துப் பழைய அமைப்பில் வண்ணார் ஊருக்குக் குடிமைத் தொழில் செய்வோராக வைக்கப்பட்டனர். வீட்டுக்கு வீடு அழுக்கு எடுத்து, வெளுத்துக் கொடுத்தனர். கூலி பெரும்பாலும் அறுவடையின்போது அளக்கப்படும் நெல். திருமணப் பந்தலுக்கு மேற்கட்டியாக வெள்ளை கட்டுவதும், மாப்பிள்ளை நடந்துவர நிலபாவாடை விரிப்பதும், இறந்தோர் வீட்டிலே வெள்ளை விரிப்பதும் அவர்கள் உரிமையாயிருந்தன. பூப்படைந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் உடுக்க மாற்றுச் சேலை கொண்டுவந்து கொடுப்பவர்களும் அவர்களே. ஆடையைப் பிறருக்கு இரவல் கொடுத்தால் 12 பணம் என்று கௌடிலியர் தண்டம் விதித்தார். யாழ்ப்பாணத்திலோ அதுவே வழக்கமும் கடமையுமாக இருந்தது. துவைத்த ஆடையின்றி ஒரு வீட்டிலும் நற்காரியம் தொடங்கவில்லை. அவ்வாடையைத் துவைத்தவர்களோ அந்த வீட்டின் உள்ளே அமர இடம்பெறவில்லை. தூய்மை என்னும் சொல் ஆடைக்கு ஒரு பொருளையும், அதனைத் தூய்மை செய்த மனிதருக்கு வேறொரு பொருளையும் கொண்டிருந்தது.

அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள் துரும்பர். ஒடுக்கப்பட்ட சாதியாரின் ஆடைகளை வெளுத்தவர்கள் அவர்கள். பகலில் மற்றையோர் கண்ணிற் படலாகாது என்றும், இரவிலேயே நடமாட வேண்டும் என்றும் அவர்கள்மீது ஒரு காலத்திற் சுமத்தப்பட்ட கட்டுப்பாட்டைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். திருநெல்வேலிப் பகுதியில் புதிரை வண்ணாருக்கும் இதே கதி. கண்டி அரசிலும் வெளுப்போர் குறித்த சில படிக்கு மேற்பட்டோருக்கு மட்டுமே வெளுத்தனர் என்று நொக்சு எழுதியதை இத்துடன் சேர்த்து நோக்கல் வேண்டும். அம்மை கண்டவர் உடுத்த துணியும், வாந்திபேதி கண்டவர் படுத்த பாயும் முதலில் இத்தொழிலாளரின் கைக்கே வந்தன. அம்மை நோயாளரின் ஆடைகளிலிருந்து சலவை செய்வோருக்கு நோய் தொற்றியமை பல நாடுகளிலும் மருத்துவர்கள் கண்ட செய்தி. இலங்கைப் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை 1957ஆம் ஆண்டில் நிறைவேற்றியது. ஒருவரது சாதியைக் காரணங்காட்டிக் கடையிலும் பாடசாலையிலும் வழிபாட்டிடத்திலும் அவரைத் தடுப்பது அதனாற் குற்றமாக்கப்பட்டது. சட்டம் வந்த பின்னரும் வழக்கம் விரைவில் மாறிவிடவில்லை என்பதற்குப் பின்வந்த ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் சான்று.

ஊர்ப்பெயர்களில் மட்டும் இவர்கள் தலைநிமிர்ந்து நிற்கின்றனர். யாழ்ப்பாண நகரின் வண்ணார்பண்ணை அவற்றுள் ஒன்று. ஆறுமுக நாவலர் 1848இற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது அவ்விடத்திலேயே. சென்னையின் வண்ணாரப்பேட்டை கிழக்கிந்தியக் கும்பனியாரின் துணி வாணிகத்தால் எழுந்தது. ஏற்றுமதிக்குரிய பருத்தித் துணியை வெளுப்போர் அங்குக் குடியமர்த்தப்பட்டனர். இலண்டன் சீமாட்டிகள் விரும்பி உடுத்த அத்துணிகளின் வெண்மை உவர்மண்ணும் வெயிலும் சேர்ந்து கொடுத்தது.

சவர்க்காரம் உலகிற்குப் புதிதன்று. விலங்குக் கொழுப்பையும் சாம்பலையும் சேர்த்துக் கோல் நாட்டார் செய்த பொருளைப் பற்றி உரோமரான பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே எழுதியுள்ளார். ஆனால் அது தலைமயிரைச் செந்நிறமாக்குவதற்கு என்கின்றார். உரோமர் துணி வெளுத்ததோ புளித்த சிறுநீராலும் ஒருவகைக் களிமண்ணாலும். அச்சிறுநீருக்கும் வெசுப்பாசியன் என்னும் பேரரசர் வரி விதித்தார். சவர்க்காரம் எளியோர் வீட்டுப் பொருளானது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1791இல் லெபிளாங்கு என்னும் பிரெஞ்சுக்காரர் கறியுப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். 1823இல் செவரூல் கொழுப்புக்களின் அமைப்பை விளக்கி நூல் வெளியிட்டார். இவ்விரண்டும் அடித்தளமிட, 1884இல் வில்லியம் லீவர் என்னும் வணிகர் சன்லைற் என்னும் பெயரைப் பதிவு செய்தார். சவர்க்காரத்தைப் பெட்டியிலிட்டு, பெயர் சூட்டி, விளம்பரம் செய்து விற்கும் வழி அதனோடு பரவியது.

தென்னை நாடாகிய இலங்கைக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. சவர்க்காரத்துக்கு நல்ல நுரையைக் கொடுப்பது தேங்காயெண்ணெய். இலங்கையின் தேங்காயெண்ணெய் மெழுகுவர்த்திக்கும் சவர்க்காரத்துக்குமாகப் பீப்பாய்களிற் கப்பலேறியது. சவர்க்காரம் பெட்டிகளிற் கப்பலேறித் திரும்பி வந்தது. 1938ஆம் ஆண்டில் லீவர் சகோதரர் கொழும்பு கிராண்ட்பாசில் ஆலை அமைத்த பின்னரே எண்ணெயும் கட்டியும் ஒரே துறைமுகத்தின் அருகிற் சந்தித்தன. வீட்டுப் பொருள்களின் பெயர்கள் அதற்குப் பின்னர் வாசனைக் கட்டிகளின் உறையில் ஏறின: சந்தனம், வேம்பு, மஞ்சள். முற்றத்தில் நின்ற வேம்பு கடையில் விலைகொடுத்து வாங்கும் வேம்பாயிற்று.

நீலத்தின் கதையும் இத்தகையதே. வெளுத்த துணியின் மங்கலான மஞ்சளை மறைக்க இட்ட நீலம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆலைகளிற் செயற்கையாகச் செய்யப்பட்டது. சிரட்டைக்கரி இட்டு மினுக்கும் இஸ்திரிக்கைப் பெட்டி வந்தது. பட்டினங்களில் லோண்டரிகள் திறக்கப்பட்டன. ஊரில் குடிமைத் தொழில் செய்து நெல் பெற்றவர்களுட் சிலர் அவற்றிற் கணக்குப் பேசிக் காசு பெற்றனர். அவர்கள் பிள்ளைகள் பாடசாலைக்குச் சென்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் சலவைத்தூள் உலகெங்கும் பரவியது. அது வன்னீருக்கும் அஞ்சாதது. வெள்ளாவித் தாழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குளிர்ந்தன. அவற்றோடு ஒரு கைத்திறனும் மறைந்தது உண்மை. தாழியருகே விழித்திருந்த இரவுகளும் மறைந்தன. அதற்காக அத்தொழிலாளருட் கண்ணீர் விட்டோர் மிகச் சிலராகவே இருத்தல் கூடும்.

பழைய பொருள்கள் முற்றாக மறக்கப்பட்டன என்று கருதத்தக்க வேளையில் அவை மீண்டும் ஒருமுறை தேவைப்பட்டன. 1990இல் மீண்டும் போர் மூண்டபின், வடபகுதிக்குப் பல பொருள்கள் செல்வது தடைசெய்யப்பட்டது. யாழ்ப்பாணத்திற் சவர்க்காரம் கிடைத்தற்கரியதாயிற்று. கிடைத்தபோதும் அதன் விலை எளியோர் கைக்கு எட்டவில்லை. அப்பொழுது மக்கள் பனங்கூடலை நோக்கினர். முன்னாளில் வறியவர்கள் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்த முறை முதியவர்களுக்கு நினைவிருந்தது. பழுத்து விழுந்த பழத்தின் தோலை உரித்து, தும்போடு கூடிய களியை நீர்விட்டுப் பிசைந்தால் வழுவழுப்பான நுரை வரும். அதிலே துணியை ஊறவைத்துக் கல்லில் அடித்து, நிறம் போகுமட்டும் அலசவேண்டும். அலசல் போதாதாயின் வெள்ளைத் துணியில் மஞ்சட் சாயல் தங்கும். பாடசாலைப் பிள்ளைகளின் சீருடைகள் அவ்வாறு தோய்க்கப்பட்டன. கொடியிற் காயப்போட்ட உடுப்பை, பழ வாசனைக்கு ஆசைப்பட்டு மாடுகள் வந்து சப்பிவிடும் என்பதால், கொடிக்குக் காவல் இருக்கவும் வேண்டியிருந்தது. பாளி நூல் கூறிய எஞ்சி நிற்கும் நாற்றம், ஈராயிரம் ஆண்டுகளின் பின்னர் யாழ்ப்பாணத்து முற்றங்களில் மாட்டுக்குந் தெரிந்த செய்தியாயிற்று.

பனம்பழம் ஆண்டு முழுவதுங் கிடைப்பதன்று. ஆடி ஆவணியில் விழும் பழம் தீர்ந்தபின், சாம்பலும் சீயாக்காயும் தேசிக்காயும் கைகொடுத்தன. விறகுச் சாம்பலை நீரிற் கரைத்துத் தெளியவைத்து, மேலே நிற்கும் வழுவழுப்பான நீரை இறுத்துக்கொள்வதே முறை. சாம்பலை அப்படியே துணியிற் பூசினால் இழை தேயும். களர்க் கிணறு தோண்டிய புலைத்தியின் அறிவும் இப்பெண்களின் அறிவும் ஒரே இனத்தவை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. முன்னாளில் ஒரு சாதியார் தலையிற் சுமத்தப்பட்ட வேலையை, இப்போது எல்லா வீட்டாரும் தத்தங் கையாற் செய்தனர். ஆசிரியரும் எழுதுவினைஞரும் கிணற்றடியில் நின்று தத்தம் உடுப்பைத் தாமே அடித்துத் தோய்த்தனர்.

பனம்பழத்துக்கு நுரையுங் கசப்பும் எங்கிருந்து வந்தன என்பதை இலங்கை ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்துள்ளனர். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தார் பழக்களியிலிருந்து பிரித்தெடுத்து ஆராய்ந்த சப்போனின் வகைகளுக்குப் பிளபெலிபெரின் என்று பெயர்; பனையின் தாவரவியற் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது அது. அவற்றுட் சில நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுப்பன என்றும் கண்டனர். பழத்தின் கசப்புக்குக் காரணமான பொருளும் அவற்றுள் ஒன்றே. நாக்குக்கு ஆகாதது துணிக்கு ஆயிற்று.

2002ஆம் ஆண்டில் ஏ9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டபோது, தெற்கிலிருந்து வந்த பாரவூர்திகளிற் சவர்க்காரப் பெட்டிகளும் வந்தன. பனம்பழம் மீண்டும் பனங்கூடலிலே கேட்பாரற்று விழுந்தது. 2022இல் நாடு முழுவதும் பொருளாதார நெருக்கடி சூழ்ந்து, சவர்க்காரத்தின் விலை கிழமைக்குக் கிழமை ஏறியபோது, கொழும்பிலே பலர் சலவைத்தூளைக் கரண்டியால் அளந்து பயன்படுத்தினர். குடாநாட்டிலோ மூத்த பெண்கள், அவ்வாண்டுப் பனம்பழம் எப்போது விழத் தொடங்கும் என்று கணக்குப் பார்த்தனர்.